புதுக் குடித்தனம், இரண்டு பேர் சமையல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணம் முடிந்து தனிக்குடித்தனம் போகிற பிள்ளைகள் எங்கள் சொந்தத்தில் வருஷத்துக்கு ஒருவராவது இருக்கிறார்கள். பால் காய்ச்சிய வாரமே போன் வர ஆரம்பித்துவிடும். கேட்பது அண்ணன் மகளாக இருந்தாலும் நாத்தனார் மகனாக இருந்தாலும் கேள்விகள் அதேதான், அதனால் எழுதியே வைத்துவிட்டேன். நான் திருநெல்வேலிப் பக்கம், வீட்டுக்காரர் ஈரோட்டுப் பக்கம், குடியிருப்பது தாம்பரத்தில். ஆகவே இங்கே சொல்லும் அளவும் ருசியும் இந்த மூன்று ஊரையும் சார்ந்தது. மற்ற ஊர்க்காரர்கள் அவரவர் கைப்பக்குவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டு பேருக்கு எவ்வளவு அரிசி வைப்பது? தினமும் மிஞ்சுகிறது.

அம்மா வீட்டில் ஆறு பேருக்கு உலை வைத்ததைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கை தன்னால் நிறைய அள்ளும். 200 மில்லி டம்ளர் ஒன்றை எடுத்து அரிசி டப்பாவுக்குள்ளேயே போட்டு வையுங்கள், காபி குடிக்க அதை யாரும் தொடக் கூடாது. தலைதட்டி ஒரு டம்ளர் அரிசி சுமார் 170 கிராம் வரும், இரண்டு பேர் ஒரு வேளை வயிறாரச் சாப்பிடலாம். காலையில் இருவருக்கும் டப்பா கட்ட வேண்டும், ராத்திரிக்கும் சோறுதான் என்றால் இரண்டு டம்ளர். குக்கரில் பச்சரிசிக்கு இரண்டு அல்லது இரண்டரை பங்கு தண்ணீர், புழுங்கலரிசிக்கு மூன்று. அரிசி பழசாக இருந்தால் கொஞ்சம் கூடக் குடிக்கும், முதல் தடவை வைத்துப் பார்த்துவிட்டு டப்பா மூடியில் அளவை எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஒரு வேளைச் சாம்பாருக்கு அதே டம்ளரில் கால் டம்ளர் துவரம் பருப்பு போதும், புளி ஒரு சின்ன நெல்லிக்காய் அளவு. புதுக் குடித்தனத்தில் எல்லோரும் கூடுதலாகப் போடுவது புளிதான். புளி கூடினால் உப்பு கூடும், உப்பு கூடினால் தண்ணீர் ஊற்றத் தோன்றும், கடைசியில் இரண்டு பேருக்கு வைத்த குழம்பு ஐந்து பேருக்கு நிற்கும்.

சீரில் வந்த பாத்திரம் எல்லாம் பெரிசு பெரிசாக இருக்கிறது. அதிலேயே சமைக்கலாமா?

வேண்டாம். ஐந்து லிட்டர் குக்கரில் கால் டம்ளர் பருப்பை நேராகப் போட்டால் அடிபிடிக்கும், அந்தக் குக்கர் சூடாவதற்கே கேஸ் போகும். மூன்று லிட்டர் குக்கர் ஒன்று, அதற்குள் அடுக்குகிற இரண்டு கிண்ணம், ஒரு இரும்பு வாணலி, தோசைக்கல், ரசத்துக்கு ஒரு சின்னப் பாத்திரம், மிக்சி. முதல் ஒரு வருஷத்துக்கு இது தாராளம். பெரிசையெல்லாம் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றுங்கள், சொந்தக்காரர்கள் வருகிற பொங்கலுக்கு இறக்கலாம். மனைவி வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை “இடத்தை அடைக்கிறது, போட்டுவிட்டு வேற வாங்கலாம்” என்று கணவர் வாய் திறக்காமல் இருப்பது நல்லது. அது அவள் அம்மா சீட்டுப் போட்டுச் சேர்த்ததாக இருக்கும்.

மாதச் சாமான் எங்கே வாங்குவது? மொத்தமாகவா, அப்பப்போவா?

அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய் மாதம் ஒரு தடவை. ரவை, கடலை மாவு, பொரிகடலை போன்றவை கால் கிலோவுக்கு மேல் வேண்டாம். கிலோ கணக்கில் வாங்கினால் விலை குறைவு என்று இரண்டு கிலோ ரவை வாங்கி, மூன்றாம் மாதம் வண்டு பறந்து, மொத்தத்தையும் கொட்டுகிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ரவையை வாங்கியதும் வெறும் வாணலியில் வறுத்து ஆறவைத்துக் கொட்டுங்கள். பருப்பில் நாலு காய்ந்த மிளகாய் போட்டு வையுங்கள்.

சூப்பர் மார்க்கெட்டுக்குச் சீட்டு இல்லாமல் போகக் கூடாது, இரண்டு பேரும் பசியோடு போகக் கூடாது. தெருவிலுள்ள அண்ணாச்சி கடையில் ஐம்பது கிராம் சீரகம், நூறு கிராம் உளுந்து என்று கேட்டால் முகம் சுளிக்காமல் பொட்டலம் கட்டித் தருவார். இரண்டு பேர் வீட்டுக்கு இதைவிட லாபமான கடை இல்லை.

புளியும் காய்ந்த மிளகாயும் மட்டும் மாசி, பங்குனி, சித்திரையில் புதுசு வரும்போது வருஷத்துக்கு வாங்கலாம். இரண்டு பேருக்கு இரண்டு கிலோ புளி போதும். கொட்டையும் கோதும் எடுத்து, வெயிலில் ஒரு நாள் காட்டி, கல்லுப்பு தூவி ஜாடியில் அடைத்தால் கெடாது.

ரேஷன் கார்டு எடுக்கணுமா? நாங்கள் இரண்டு பேரும் சம்பாதிக்கிறோமே.

எடுங்கள். தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். வெளியில் பருப்பு விற்கிற விலைக்கு அந்த ஒரு கிலோ மட்டுமே நடந்து போய் வாங்குவதற்குத் தகும். இரண்டு பேர் பெயரையும் அவரவர் பெற்றோர் அட்டையிலிருந்து முதலில் நீக்க வேண்டும், அப்புறம் ஆதார், திருமணப் பதிவு, வீட்டு முகவரிக்கு ஒரு சான்று வைத்து ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். தனிச் சமையல் நடக்கிறதா என்று வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், அன்றைக்கு அடுப்பங்கரை அடுப்பங்கரையாக இருக்கட்டும்.

இலவச அரிசியைச் சோறாக்கிப் பிடிக்கவில்லை என்றால் இட்லி மாவுக்குப் போடுங்கள். அந்தப் புழுங்கலரிசியில் தோசை நன்றாகவே வரும்.

மாவு கடையில் வாங்குவதா, வீட்டில் அரைப்பதா?

அரைக்க ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் வீட்டில்தான். நாலு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம் போட்டால் இரண்டு கிலோவுக்குக் குறையாமல் மாவு வரும். அரிசி, உளுந்து செலவைக் கணக்குப் போட்டுக் கடை மாவு விலையோடு வைத்துப் பாருங்கள், நான் சொல்ல வேண்டியதே இல்லை. அரிசி நாலைந்து மணி நேரம் ஊறட்டும். உளுந்து ஒரு மணி நேரம் ஊறினால் போதும். கிரைண்டர் இல்லாமல் மிக்சியில் அரைப்பவர்கள் உளுந்துக்குக் குளிர்ந்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, ஜார் சூடாகாமல் விட்டு விட்டு அரைக்க வேண்டும். ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு மாவை விட்டால் மிதக்க வேண்டும், முழுகினால் இன்னும் அரையுங்கள். உப்புப் போட்டுக் கையால் கலக்கி, பாதிப் பாத்திரம் காலியாக இருக்கிற மாதிரி ராத்திரி வையுங்கள்.

முதல் நாள் இட்லி, இரண்டாம் நாள் தோசை, மூன்றாம் நாள் ஊத்தப்பம், அதற்கப்புறம் புளித்த அடி மாவில் வெங்காயமும் பச்சை மிளகாயும் தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம். ஞாயிற்றுக்கிழமை அரைத்தால் வியாழன் வரை காலைப் பலகாரக் கவலை கிடையாது.

கேஸ் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

முதலில், வரும்போதே முழுசாக வந்ததா பாருங்கள். சிலிண்டர் மேல் பகுதியில் காலி எடை பொறித்திருக்கும், அதோடு 14.2 கிலோ கூட்டினால் வர வேண்டிய எடை. கொண்டு வருகிறவரிடம் எடை போட்டுக் காட்டச் சொல்லலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பருப்பை அரை மணி ஊறவையுங்கள், கடலையை ராத்திரியே. குக்கர் முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வையுங்கள், பெருந்தீயில் விசில் எண்ணுவது கேஸை ஆவியாக விடுகிற வேலை. கீழே பருப்பு, மேலே சோறு, முடிந்தால் அதற்கும் மேலே இரண்டு உருளைக்கிழங்கு என்று ஒரே ஏற்றத்தில் முடித்துவிடலாம். தீ பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறி எரிந்தால் அந்த அடுப்புக்கு அந்தப் பாத்திரம் சின்னது. தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் பர்னரைக் கழற்றி ஊசியால் ஓட்டைகளைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலையும் குழம்பையும் கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள்.

“எங்கம்மா வைக்கிற மாதிரி இல்லை” என்கிறார். என்ன பதில் சொல்வது?

“ஆமாம், இல்லைதான்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

சரி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் போனில் அழுகிற கேள்வி இதுதான். எங்கள் ஊரில் மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்குச் சொதி வைப்பார்கள். பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் போட்டு, காய்களை நீளமாக நறுக்கிப் போட்டு, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். எங்கள் பக்கத்தில் அதற்காகவே காத்திருப்பார்கள். என் வீட்டுக்காரர் “இதென்ன குழம்பு, காரமே இல்லை” என்றார். அவர்கள் ஊரில் வாய்க்கு அரிசிம்பருப்பு சாதம் வேண்டும். சின்ன வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய், சீரகம் தாளித்து, ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளருக்குக் கொஞ்சம் கூடத் துவரம் பருப்பு, மஞ்சள், தக்காளி போட்டுக் குக்கரில் குழைய விட்டு, மேலே நெய். என் மாமியார் அதை இருபது நிமிடத்தில் இறக்கிவிடுவார். எங்கள் அம்மா வைக்கிற கூட்டாஞ்சோறும் கிட்டத்தட்ட அதே வேலைதான், அரிசியும் பருப்பும் காயும் ஒன்றாக வேகும், தேங்காய் அரைத்து ஊற்றுவது மட்டும் கூடுதல். ஒரே பாத்திரம், ஒரே அடுப்பு, கழுவுகிற வேலையும் குறைவு. எங்கள் வீட்டில் இப்போது வாரத்தில் ஒரு நாள் அது, ஒரு நாள் இது.

நான் சொல்வது இதுதான். அவருக்கு அம்மா ருசி வேண்டுமென்றால் அந்த ஒரு பதார்த்தத்தை அவரே அம்மாவிடம் போனில் கேட்டுச் செய்யட்டும். அத்தைக்கும் மகன் கேட்கிறான் என்று சந்தோஷம். அவர் செய்து பார்க்கும்போதுதான் தெரியும், அம்மா பாதி அளவைச் சொல்வதே இல்லை என்று. “கொஞ்சம் போடு, பார்த்துப் போடு” என்பார்கள், எவ்வளவு கொஞ்சம் என்று அவர்களுக்கே தெரியாது. இதே நியாயம் பெண்ணுக்கும் உண்டு, அவள் அம்மா ருசிக்கு அவள் கணவன் பொறுப்பாளி இல்லை.

இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். யார் சமைப்பது?

காலையில் சீக்கிரம் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் ராத்திரிச் சமையல், லேட்டாகக் கிளம்புகிறவர் காலைச் சமையல். இதில் ஆண் என்ன பெண் என்ன. “நான் உதவி பண்றேன்” என்று சொல்கிற ஆண்கள் கவனிக்க வேண்டும், வெங்காயம் நறுக்கிக் கொடுத்துவிட்டு டிவி முன்னால் உட்காருவது சமையலில் சேராது. நாளைக்கு என்ன சமைப்பது, அதற்குக் கொத்தமல்லி இருக்கிறதா, கடலையை ஊறப்போட்டாயிற்றா என்று யோசிப்பதுதான் பாதிச் சமையல், அலுப்பு வருவதும் அதில்தான். வாரத்துக்கு ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள், இரண்டு பேரும் சேர்ந்து.

செலவுக் கணக்கு எழுதணுமா? எழுதினால் சண்டை வருகிறதே.

ஒருவர் எழுதி மற்றவரிடம் கேள்வி கேட்டால் சண்டைதான் வரும். மாதச் சம்பளம் வந்ததும் அடுப்பங்கரைக்கென்று ஒரு தொகையை இரண்டு பேரும் சேர்ந்து எடுத்து ஒரே இடத்தில் போடுங்கள். தனி வங்கிக் கணக்காக இருக்கலாம், பழையபடி டப்பாவாகவும் இருக்கலாம். காய், மளிகை, பால், கேஸ் எல்லாம் அதிலிருந்துதான். இருபதாம் தேதி அதில் எவ்வளவு இருக்கிறது என்று இருவருக்கும் தெரிந்தால் போதும், பத்து ரூபாய் கொத்தமல்லிக்கு விளக்கம் கேட்க வேண்டியதில்லை. சிக்கனம் ஒருவர் தலையில் மட்டும் விழுந்தால் அவர் கஞ்சம் என்று பேர் வாங்குவார், மற்றவர் ஊதாரி என்று பேர் வாங்குவார், காசு அப்போதும் மிஞ்சாது.

காய்கறி எப்படி வாங்குவது? எப்போதும் பாதி வாடிப் போகிறது.

வாரம் இரண்டு தடவை, கொஞ்சமாக. இரண்டு பேருக்கு ஒரு வேளைக்குக் கால் கிலோ காய் போதும். கோயம்பேடு விலை குறைவு என்று வண்டி போட்டுப் போய் மூட்டையாக வாங்குவது இரண்டு பேர் வீட்டுக்கு ஒத்து வராது, நாலு வீடு சேர்ந்து போனால் வேறு விஷயம். உங்கள் ஊரில் உழவர் சந்தை இருந்தால் விடிகாலையில் அங்கே போங்கள். 1999இல் மதுரையில் முதலில் ஆரம்பித்தது, விவசாயிகளே கொண்டு வந்து விற்கிறார்கள், அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள், பேரம் பேசத் தெரியாத புதுப் பிள்ளைகளுக்கு அதுவே பெரிய உபகாரம்.

வாங்கியதை முழுசாகப் பயன்படுத்துங்கள். முள்ளங்கி வாங்கினால் அதன் கீரை இலவசம். காலிஃப்ளவர் தண்டு சாம்பாருக்கு ஆகும். பீர்க்கங்காய் வாங்கினால் தோலைக் குப்பையில் போடவே கூடாது. நரம்பை மட்டும் சீவி எறிந்துவிட்டுத் தோலைப் பொடியாக நறுக்குங்கள். ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயில் இரண்டு ஸ்பூன் உளுந்து, மூன்று காய்ந்த மிளகாய், பெருங்காயம் வறுத்து எடுத்து வையுங்கள். அதே எண்ணெயில் தோலைப் போட்டுப் பச்சை வாடை போய்ச் சுருங்குகிற வரை வதக்கி, துளி புளியும் ஒரு கை தேங்காயும் போட்டுப் பிரட்டுங்கள். ஆறினதும் மிளகாய், உப்போடு முதலில் அரைத்து, கடைசியில் உளுந்தைப் போட்டு ஒரே சுற்று. உளுந்து பல்லில் கடிபட வேண்டும். சூடான சோற்றில் பிசைந்து சாப்பிட்டால் அன்றைக்குக் குழம்பே தேவையில்லை. பீர்க்கங்காயை நறுக்கும்போது ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் முழுசையும் எறிந்துவிட வேண்டும், அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

தக்காளி விலை ஏறினால் என்ன செய்வது?

தக்காளி இல்லாமல் சமையுங்கள். 2023 ஜூலையில் தக்காளி நூறு ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசாங்கமே விற்றது நினைவிருக்கும். அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டில் மோர்க்குழம்பு, மிளகு ரசம், வத்தக்குழம்பு, கீரைக் கடைசல், எலுமிச்சம் சாதம் என்றே ஓடியது. நம் பாட்டிமார் சமையலில் பாதி தக்காளி இல்லாதது, புளிதான் எல்லாம்.

மிச்சமான சோற்றை என்ன செய்வது?

ராத்திரி மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வையுங்கள், காலையில் பழைய சோறு. மோர், உப்பு, சின்ன வெங்காயம், சுண்டவத்தல் இருந்தால் அலுவலகத்துக்கு லேட்டானாலும் பரவாயில்லை என்று தோன்றும். மதியம் மிஞ்சினதை வெளியிலேயே ராத்திரி வரை கிடத்தாமல், ஆறினதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். சோற்றில் வருகிற ஒரு வகைக் கிருமி கொதியிலும் முழுசாகச் சாகாது, வெளியே வைத்தால் பெருகும், மறுபடி சூடு செய்தாலும் அதன் நஞ்சு போகாது. குழம்பை மொத்தமாகத் திரும்பத் திரும்பச் சுடவைக்காமல் வேண்டியதை மட்டும் எடுத்துச் சுடவையுங்கள். மிஞ்சின பொரியலை அடை மாவில் கலந்துவிடலாம்.

கறி, மீன் இல்லாமல் அவருக்கு இறங்காது. கட்டுப்படி ஆகவில்லை.

வஞ்சிரம்தான் மீன் என்று யார் சொன்னது? மத்தி, நெத்திலி, காரப்பொடி எல்லாம் குழம்புக்கு வஞ்சிரத்தைவிட ருசி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, விலை ஏறும். அந்த இரண்டு மாதம் முட்டையும் கருவாடும் பார்த்துக்கொள்ளும். ஆட்டுக்கறி கால் கிலோ வாங்கினால் எலும்போடு வாங்கி, உருளைக்கிழங்கோ முருங்கைக்காயோ சேர்த்துக் குழம்பாக வையுங்கள், வறுவல் என்றால் ஒரே வேளையில் காலி. ஒருவர் சைவம், ஒருவர் அசைவம் என்றால் தனி வாணலி, தனிக் கரண்டி, அதைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது.

வெளியே ஆர்டர் செய்யவே கூடாதா?

செய்யுங்கள். எந்த நாள் என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். அலுப்பில் ஆர்டர் செய்யும்போதுதான் இரண்டு பேருக்கு நாலு பேர் சாப்பாடு வந்து சேரும்.

மாசக் கடைசி. காய் இல்லை, காசும் இல்லை. இன்றைக்கு என்ன?

சின்ன வெங்காயமும் பூண்டும் நல்லெண்ணெயில் வதக்கி, புளிக்குழம்பைக் கொதிக்க வையுங்கள், குழம்புப் பொடி, வெந்தயம், துளி வெல்லம். சுண்டி எண்ணெய் மேலே வரும்போது தீயைக் குறைத்து, ஆளுக்கு ஒரு முட்டையை ஓரமாக உடைத்து ஊற்றுங்கள். கரண்டியே போடாதீர்கள், கலங்கிவிடும். மூடி வைத்து ஏழெட்டு நிமிடம் கழித்துத் திருப்பிப் போட்டால் வெந்திருக்கும். முட்டை ஆகாதவர்களுக்கு அதே குழம்பில் அப்பளத்தை ஒடித்துப் போட்டு இறக்கினால் அப்பளக் குழம்பு. மறுநாளைக்கும் கொஞ்சம் எடுத்து வையுங்கள், தோசைக்கு ஆகும்.